சிற்றுயிர் ஈந்த மருந்து

புதுச்சேரிப் பெரிய அங்காடியைச் சூழ்ந்த தெருக்களில் நாட்டு மருந்துக் கடைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன்முன் சிறிது நேரம் நின்று நோக்குவோமாயின், சுக்கும் மிளகும், திப்பிலியும் கடுக்காயும், அதிமதுரமும் நன்னாரியும் தனித்தனியே பெட்டிகளிலும் சாடிகளிலும் நிறைந்திருக்கக் காண்போம். அவை யாவும் வேரும் காயும் பட்டையுமாக மரஞ்செடிகொடிகள் தந்தவை. அவற்றினிடையே, மெல்லிய சுள்ளியைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் படிந்த கருஞ்செந்நிறப் பொருளொன்று கிடக்கும். அதனைக் கடைக்காரர் கொம்பரக்கு என்பார். அதனருகே ஒரு குப்பியில் தேன் ஒளிரும். இவ்விரண்டும் மரத்திலிருந்து எடுக்கப்படுவன எனினும், மரம் தந்தவை அல்ல, பூச்சிகள் தந்தவை.

உள்ளுறுப்புகளிலிருந்து குருதி கசியும் நோய்களுக்குக் கொம்பரக்கையும், வயிற்றெரிவுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் தேனையும் நம் முன்னோர் மருந்தாகக் கொண்டனர். விரல் நுனியில் நசுங்கிவிடும் சிற்றுயிர்கள் மனிதனின் வயிற்று நோய்க்கு மருந்தளிப்பது வியப்பன்றோ? அம்மருந்துகள் எவ்வாறு உண்டாகின்றன? அவற்றை நாம் எவ்வளவு நம்பலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

சித்த மருத்துவ நூலார் இரைப்பையைப் பற்றிய கொடிய நோயொன்றைக் குன்மம் என்று வழங்கினர். மேல்வயிற்றில் வலி, எரிவு, புளித்த ஏப்பம், குமட்டல், உணவில் வெறுப்பு, உடல் மெலிவு ஆகியன அதன் குறிகள். உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்தலின் குன்மம் எனப் பெயர் பெற்றது என்பர். எரிகுன்மம், வலிகுன்மம், வாயுக்குன்மம் முதலாக அதனை எட்டு வகையாகப் பகுத்தனர். இக்காலத்தார் வயிற்றுப்புண் என்று கூறும் நோய், அவ்வகைகளுட் சிலவற்றின் குறிகளோடு பெரிதும் ஒத்திருக்கின்றது.

அந்நூலார் மருந்துச் சரக்குகளையும் மூவகையாகப் பிரித்தனர். செடிகொடிகளிற் பிறப்பன ஒரு வகை. உப்பு, கந்தகம், இரும்பு முதலாக நிலத்திற் கிடைப்பன ஒரு வகை. உயிர்களிடத்திருந்து பெறுவன ஒரு வகை. மூன்றாம் வகையைச் சீவப்பொருள் என்பர். தேனும் தேன்மெழுகும் அரக்கும் இவ்வகையைச் சார்ந்தவை.

முதலில் தேனைக் காண்போம். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், மனைத்தேன், புற்றுத்தேன் என அது கிடைக்கும் இடம்பற்றித் தேனை ஐவகைப்படுத்தினர் முன்னோர். தேனீயானது பூவில் உறிஞ்சும் மதுநீர் பெரும்பாலும் நீராகவே இருக்கும். தேனீ அதனைத் தன் வயிற்றுப் பையில் ஏந்திக் கூட்டிற்குக் கொணர்ந்து, தன்பாற் சுரக்கும் நொதிப்பொருள்களைக் கலந்து, பிற தேனீக்களின் வாய்க்கு மாற்றுகின்றது. பின்னர் அவை சிறகுகளை விசிறி நீரை ஆவியாக்குகின்றன. முடிவில் எஞ்சும் தேனில் நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படுவதில்லை. மற்றவற்றுட் பெரும்பகுதி சர்க்கரையே ஆகும்.

இத்துணைச் செறிந்த சர்க்கரையில் நுண்ணுயிர்கள் வாழ இயலா. தேன் அவற்றின் உடலில் உள்ள நீரை உறிஞ்சிவிடும். அன்றியும் தேனுக்குச் சிறிது புளிப்புத்தன்மை உண்டு. தேனீ கலந்த நொதிப்பொருளொன்று, தேனில் நீர் சேரும்போது ஐதரசன் பெராக்சைடு என்னும் பொருளைச் சிறிது சிறிதாகத் தோற்றுவிக்கின்றது. அதுவும் நுண்ணுயிர்களுக்குப் பகை. மேற்புண்ணின்மீது தேனைத் தடவி ஆற்றும் வழக்கம் பல நாடுகளில் தோன்றியதற்கு இவையே காரணங்கள். மேற்புண்ணை ஆற்றும் பொருள் உட்புண்ணையும் ஆற்றும் என்று மக்கள் எண்ணியது இயல்பே. சித்த மருத்துவரோ தேனைத் தனி மருந்தாகக் கொள்வதோடு அமையாது, பொடிகளைக் குழைத்து உட்கொள்வதற்குரிய துணைமருந்தாகவும் கொண்டனர். அதனை அனுபானம் என்பர்.

இனி அரக்கின் கதையைக் கேண்மின். தேனீயை அறியாதார் இலர். அரக்குப்பூச்சியைக் கண்டார் மிகச் சிலரே. அதன் குஞ்சு ஒரு மில்லிமீட்டரினும் சிறியது, சிவந்த நிறமுடையது. பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் இக்குஞ்சுகள் ஆயிரக்கணக்காக ஊர்ந்து, தமக்கேற்ற இடத்திற் சென்று அமரும். அமர்ந்தவுடன் ஊசி போன்ற வாயைப் பட்டையினுட் செலுத்திச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். உடலிலிருந்து கசியும் பிசின் உலர்ந்து அவற்றைச் சூழ்ந்து கூடாகின்றது. அருகருகே அமைந்த கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொம்பைச் சுற்றி ஒரே பொருக்காகிவிடுகின்றன. பெண்பூச்சி கால்களை இழந்து, அக்கூட்டினுள்ளேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கின்றது. நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டபின் அங்கேயே மடிகின்றது. தன் மக்களைக் காக்க அது கட்டிய வீடே நமக்கு அரக்காகின்றது.

பொருக்குப் படிந்த கொம்பை வெட்டியெடுத்தால் அது கொம்பரக்கு. அதனைச் சுரண்டி நொறுக்கி நீரிற் கழுவினால் சிவந்த சாயம் பிரியும். எஞ்சியதை உருக்கி மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு கிடைக்கும். செம்மண் வழியை அரக்கோடு ஒப்பிடும் பாடல் அகநானூற்றில் உண்டு. எனவே இப்பொருளின் நிறத்தைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பது தெளிவு. பாண்டவரைக் கொல்லத் துரியோதனன் அமைத்த அரக்கு மாளிகையின் கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அரக்கு எளிதில் தீப்பற்றும் என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

அரக்கைப் பயன்படுத்தியோர் பலராயினும், ஐரோப்பியர் அதன் பிறப்பைத் தெளிவாக அறிய நீண்ட காலம் ஆயிற்று. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் வெளியிட்ட தம் நூலில், சிறகுடைய எறும்புகள் அரக்கைச் செய்கின்றன என்று எழுதினார். வேறு சிலர் அதனை மரத்தின் பிசின் என்றே கருதினர். இக்குழப்பத்தைத் தீர்க்க உதவியவருள் ஒருவர் நம் புதுச்சேரியோடு தொடர்புடையவர். அவர் கீ தஷார் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 1651-இற் பிறந்தவர், இயேசு சபையைச் சார்ந்தவர், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தூதுக் குழுவோடு சயாம் நாட்டிற்குச் சென்றவர், பின்னர்ப் புதுச்சேரியிற் பணியாற்றி, 1712-இல் வங்க நாட்டில் மறைந்தவர். 1709-ஆம் ஆண்டளவில் அரக்கை உண்டாக்கும் சிறு பூச்சியைப்பற்றி அவர் குறித்தனுப்பினார் என்று அரக்கின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிற்கால விலங்கியலார் அப்பூச்சியினத்திற்கு அவர் பெயரால் தச்சார்டியா என்று பெயரிட்டனர். 1781-இல் ஜேம்ஸ் கெர் என்பவர் அப்பூச்சியை விரிவாக வருணித்து எழுதினார். அவர் நினைவாக இன்று அதனைக் கெர்ரியா லாக்கா என்பர்.

பூச்சியின் பெயர் இவ்வாறு மாறி மாறி வந்ததாயினும், அரக்கின் மருத்துவப் பயன் அதனினும் பன்மடங்கு பழமையானது. அதர்வ வேதத்தில், காயத்தையும் எலும்பு முறிவையும் ஆற்றும் பொருளாக அரக்கைப் போற்றும் பகுதியொன்று உண்டு. சரகரின் மருத்துவ நூல், மார்பினுள் ஏற்படும் புண்ணுக்கு அரக்கைத் தேனோடு சேர்த்துப் பாலிற் கொடுக்குமாறு கூறுகின்றது. தேனீயும் அரக்குப்பூச்சியும் ஒரே கிண்ணத்தில் கூடியதை இங்குக் காண்கின்றோம். சித்த மருத்துவத்திலும் குருதிப்போக்கை அடக்கும் சரக்காகக் கொம்பரக்கு இடம்பெற்றது. அதனைச் சேர்த்துக் காய்ச்சும் அரக்குத் தைலம் இன்றும் வழக்கில் உள்ளது. கடிதங்களுக்கு முத்திரையிடக் கடைகளில் விற்கும் அரக்கு வேறு. வேறு பொருள்கள் கலந்த அதனை மருந்தென மயங்கி உட்கொள்ளலாகாது.

அரக்கிற்கு வியத்தகு இயல்பொன்று உண்டு. இரைப்பையில் ஊறும் ஐதரோகுளோரிக் அமிலம் உணவைச் செரிக்க உதவும் கடுமையான புளிப்பு நீராகும். தூய்மைசெய்த அரக்கு அந்த அமிலத்திற் கரையாது. குடலில் அமிலத்தன்மை நீங்கியபின் கரையத் தொடங்கும். இதனை அறிந்த மருந்து செய்வோர், இரைப்பையைக் கடந்து குடலிற் சென்று கரையவேண்டிய மாத்திரைகளுக்கு அரக்கைப் போர்வையாக இட்டனர். இந்நாளில் அப்பணியின் பெரும்பகுதியைச் செயற்கைப் பொருள்கள் ஏற்றுக்கொண்டன. எனினும் அரக்குப்பூச்சு முற்றிலும் மறைந்துவிடவில்லை. அரக்கை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் இடத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. வேறு பெயருடன் அது இன்றும் பணிபுரிகின்றது.

இவ்வளவு பெருமை கேட்டபின், வயிற்றில் எரிவு தோன்றினால் தேனும் அரக்கும் போதுமே, மருத்துவமனை எதற்கு என்று உங்களுள் ஒருவர் வினவக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். அதன் விளைவை உங்களுக்குக் கூறுவது என் கடமை.

பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயிற்றெரிவு உண்டாயிற்று. காலையும் மாலையும் வெந்நீரில் தேன் கலந்து பருகி வந்தேன். பருகியவுடன் எரிவு சற்றே தணியும். சில நாழிகை கழித்து மீண்டும் எழும். பழைய ஏடுகளைப் படித்தவன் என்னும் செருக்கினால், எவரிடமும் சென்று காட்டினேன் அல்லேன். அக்காலத்திலேயே முழங்கால் வலிக்காகக் கடையில் வலிநீக்கி மாத்திரைகளை வாங்கி நாள்தோறும் விழுங்கி வந்தேன். வயிற்றுக்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு என்று நான் சிறிதும் எண்ணவில்லை. ஆறு திங்கள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் விடியற்காலையில் மலம் தார்போலக் கறுத்துச் சென்றது. எழுந்து நின்றேன்; கண் இருண்டது; தரையில் வீழ்ந்தேன். என் மகள் என்னை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாள்.

மருத்துவர் கேட்ட முதல் வினா, “ஐயா, என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?” என்பது. “தேன் ஒன்றே” என்றேன். அருகில் நின்ற என் மகள், “அப்பா, அந்த மாத்திரைகளைச் சொல்லவில்லையே!” என்றாள். மருத்துவர் முகம் மாறியது. குழாய்வழியே இரைப்பையை ஆராய்ந்து, அங்கே புண்ணொன்று குருதி கசிந்துகொண்டிருப்பதைக் கண்டனர். நுண்ணுயிர்த் தொற்றும் இருப்பதாகக் கூறினர். எனக்குக் குருதி ஏற்றினர். உயிர் பிழைத்தேன். தேன் எனக்குக் கேடு செய்யவில்லை. அது தந்த சிறு தணிவை நோய் தீர்ந்ததாக எண்ணிக் காலம் தாழ்த்தினேனே, அதுவே கேடாயிற்று.

மருத்துவர் கூறிய நுண்ணுயிர் யாது? மிளகாய்க் காரமும் மனக்கவலையுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று உலகெங்கும் நெடுங்காலம் நம்பினர். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த நுண்ணுயிரும் வாழாது என்றும் கருதினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்னும் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் தசைத்துணுக்குகளில் திருகு வடிவமுள்ள நுண்ணுயிரைக் கண்டார். பாரி மார்ஷல் என்னும் இளைய மருத்துவர் அவரோடு சேர்ந்து அதனைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முயன்றார். முயற்சி பலமுறை தோற்றது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின் காரணமாகத் தட்டுகளை வழக்கத்தினும் மிகுதியான நாட்கள் விட்டுவைத்தபோது, அந்நுண்ணுயிர் வளர்ந்திருக்கக் கண்டனர். அது மெல்ல வளரும் இயல்பினது. அதுவரை தட்டுகளை முன்கூட்டியே எறிந்து வந்தனர்!

எனினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்தது சோதனையிற் புலனாயிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அந்நுண்ணுயிரின் பெயர். அது தன்னைச் சூழ்ந்த அமிலத்தை மாற்றும் பொருளைத் தானே தோற்றுவித்துக்கொண்டு, இரைப்பையின் உட்புறத்தைக் காக்கும் சளிப்படலத்தில் குடியிருக்கின்றது. நாளடைவில் அப்படலத்தைக் கெடுக்கின்றது. படலம் கெட்ட இடத்தில் அமிலம் பட்டுப் புண்ணாகின்றது. வாரனும் மார்ஷலும் 2005-இல் மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசைப் பெற்றனர். இந்நுண்ணுயிரும், ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கி மாத்திரைகளுமே வயிற்றுப்புண்ணின் தலையாய காரணங்கள் என்பது இன்று தெளிவு. என்னிடத்தில் இரண்டும் கூடியிருந்தன.

அங்ஙனமாயின் தேன் அந்நுண்ணுயிரைக் கொல்லாதோ? அறிவியலார் இதனையும் ஆராய்ந்தனர். நியூசிலாந்து நாட்டு மானுகாத் தேன் முதலிய சில தேன்வகைகள், ஆய்வுக்கூடத்துத் தட்டில் அந்நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுத்தன. ஆனால் தட்டு வேறு. மனித வயிறு வேறு. தட்டில் தேன் நுண்ணுயிரைச் சூழ்ந்து நிற்கும். வயிற்றிலோ அது நீரோடும் உணவோடும் கலந்து நீர்த்து, விரைவிற் குடலுக்குச் சென்றுவிடும். நுண்ணுயிரோ சளிப்படலத்தினுள் மறைந்திருக்கும். ஆகவே தேனை மட்டும் உண்டு அத்தொற்றை நீக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தேன்மெழுகிலிருந்து பிரித்த பொருள்களின் கலவை இரைப்பைப் படலத்தைக் காக்குமா என்று கியூபா நாட்டில் ஆராய்ந்துள்ளனர். தேனீக்கள் மரப்பிசினைக் கொணர்ந்து கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பிசினும் ஆராயப்பட்டு வருகின்றது. இவை யாவும் முன்னோர் நோக்கிய திசை வீணன்று என்பதைக் காட்டுகின்றன. எனினும் மருத்துவரின் மருந்துக்கு இவை ஈடாகிவிட்டன என்பதை இன்னும் காட்டவில்லை.

தொற்று உண்டா என்பதை மூச்சுச் சோதனையாலும் மலச் சோதனையாலும் அறியலாம். உண்டெனில், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாட்கள் முறையாக உட்கொள்ளவேண்டும். எரிவு தணிந்ததென இடையில் நிறுத்தலாகாது. ஒருகாலத்தில் அறுவைக்கும் ஆயுட்காலத் துன்பத்திற்கும் உரியதாயிருந்த நோய், இன்று இரு வாரத்து மருந்தால் பெரும்பாலோர்க்கு அடியோடு நீங்குகின்றது.

மாணவர்காள்! நும் இல்லத்தில் தந்தையோ, பாட்டியோ வயிற்றெரிவால் வருந்தினால், அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் யாவற்றையும் எழுதிக்கொடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சித்த மருத்துவத்தை நாடுவோரும், அதனை முறையாகப் பயின்று பட்டம் பெற்ற மருத்துவரையே நாடுதல் வேண்டும். மலம் தார்போலக் கறுத்தாலும், குருதி வாந்தியானாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் ஒருநாளும் தாழ்த்தலாகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனைச் சிறிதும் ஊட்டலாகாது. அதில் மறைந்திருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குழந்தைக்குக் கொடிய நோயைத் தரவல்லன. நீரிழிவுடையோரும் தேனை மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் மருத்துவப் பள்ளியொன்றைத் தொடங்கினர். அவ்வழியில் வளர்ந்ததே 1964 முதல் ஜிப்மர் என்னும் பெயரோடு விளங்கும் மருத்துவ நிறுவனம். இந்நகரத்தில் நாட்டு மருந்துக் கடையும் பெருமருத்துவமனையும் ஒன்றற்கொன்று தொலைவில் இல்லை. அறிவுடையோர் இரண்டனுள் ஒன்றை இகழ்ந்து மற்றொன்றைப் புகழ வேண்டுவதில்லை. கொம்பில் ஒட்டிய பொருக்கை எடுத்து, இது குருதியை அடக்குமா என்று முதன்முதல் சோதித்த பெயரறியாத மருத்துவனும், அதனைச் செய்வது பூச்சியே என்று நோக்கி எழுதிய தஷாரும், எவரும் நம்பாதபோது நுண்ணுயிரைத் தேடிய மார்ஷலும் ஒரே குலத்தவர். கண்ணால் கண்டு, ஐயுற்று, சோதித்து அறியும் குலம் அது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தபின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தினார். அப்பாடலை நான் முப்பது ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தேன். அதன் பொருளையோ மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தபோதே கற்றேன். நீங்கள் அதனை இந்த வகுப்பறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.